சாய்வு வண்டிக்கு ஒரு பிரேக்

சின்ன வயதிலேயே இளம்பிள்ளை வாதம் வந்து என் இரண்டு காலும் சூம்பிப்போயின. இருபது வயதிலும் எனக்குத் தெரிந்த உலகம் ஜன்னலும், யாராவது தூக்கி உட்காரவைத்தால் வாசலும்தான். மாமல்லபுரத்துக்குத் தெற்கே கடலோரக் குப்பம் எங்களுடையது. வீட்டுக்குப் பின்னால் கடல். முன்னால் மேட்டிலிருந்து சரிந்து நேரே கல்பாக்கம் ரோட்டில் போய் இறங்குகிற தெரு. எழுபதுகளில் அந்த ரோட்டில் கல்லும் சிமெண்டும் ஏற்றிக்கொண்டு லாரிகள் ஓயாமல் ஓடும். ரோட்டைத் தாண்டினால் புதிதாகத் திறந்த டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட். காலையில் கரைக்காற்று அடிக்கும்போது அந்தத் தட்டச்சுச் சத்தம் என் ஜன்னல் வரைக்கும் வரும். எனக்கு வயிறு எரியும்.

அண்ணன் கல்பாக்கத்தில் ஃபிட்டராக இருந்தான். அங்கேயே தங்கி ஞாயிற்றுக்கிழமை மட்டும் வீட்டுக்கு வருவான். அவன்தான் எனக்கு அந்த வண்டியைச் செய்தான். என்னால் நிமிர்ந்து அதிக நேரம் உட்கார முடியாது, முதுகு சரிந்துவிடும். அதனால் சைக்கிள் பைப்புகளை வளைத்து ஒட்டி, சாய்வு நாற்காலியின் கித்தான் துணியை மாட்டினான். காலை முன்னால் நீட்டிச் சாய்ந்தபடியே கையால் பெடலைச் சுற்ற வேண்டியது. முன்னால் ஒரு சக்கரம், பின்னால் இரண்டு. தெருவே சிரித்தது.

"இன்னாடி, படுத்துகினே ஊரு சுத்தப் போறியா?" என்றாள் பக்கத்து வீட்டு அக்கா.

"நீ நின்னுகினு இன்னாத்த கிழிச்சிட்ட?" என்றேன்.

நைனா மட்டும் சிரிக்கவில்லை. காலையில் கடலுக்குப் போய்விட்டு வந்த ஈரத் துண்டோடு வண்டியை ஒரு சுற்று சுற்றி வந்தார்.

"பிரேக்கு எங்கடா?" என்று அண்ணனைக் கேட்டார். "தெரு எறக்கம். கீழ லாரி. நல்ல பிரேக்கு ஒண்ணு போடு, அப்பால வுடறேன்."

அன்றிலிருந்து எனக்குப் பிரேக்கைத் தவிர வேறு நினைப்பு இல்லை. வீட்டுச் சாவியே அதுதான் என்று நம்பினேன்.

முதலில் சைக்கிளுக்குப் போடுகிற ரப்பர் கட்டை பிரேக்கை முன்சக்கரத்தில் மாட்டிப் பார்த்தோம். எங்கள் ஊர்க் காற்றில் மணலும் உப்பு ஈரமும் எப்போதும் உண்டு. ரிம்மில் அதெல்லாம் ஒட்டிக்கொள்ள, கட்டை பிடிக்காமல் வழுக்கியது. "நீ சாஞ்சிகினு கீற. பாரமெல்லாம் பின்சக்கரத்து மேல. பின்னாலதான் புடிக்கணும்" என்றான் அண்ணன். ஆனால் பின்சக்கரங்களில் அந்தக் கட்டைகளை மாட்ட இடமே இல்லை.

அவன் வேலை செய்கிற இடத்தில் பாரம் தூக்கும் இயந்திரம் ஒன்றில் வேறு மாதிரி பிரேக் இருந்ததாம். அச்சோடு சேர்ந்து ஓர் இரும்புத் தட்டு சுற்றும். இரண்டு பக்கமிருந்தும் கட்டைகள் வந்து அந்தத் தட்டைக் கவ்வும். டிஸ்க் பிரேக் என்று பேர் சொன்னான். தட்டு சக்கரத்தின் நடுவில் இருப்பதால் மண் அவ்வளவாக ஏறாது. அதையே போடுவது என்று முடிவு செய்தோம். சின்னத் தோசைக்கல் அளவுக்கு ஒரு தட்டை வெட்டிக்கொண்டு வந்து பின்சக்கரத்தில் முடுக்கினான். கவ்வுகிற கட்டைக்குச் செருப்புத் தோல் வைத்தோம். நாலு தடவை பிடிப்பதற்குள் தீய்ந்து நாறியது. பிறகு பழைய லாரி பிரேக்கிலிருந்து லைனிங் துண்டு எடுத்து வந்து ரிவெட் அடித்தான்.

தட்டு லேசாகக் கோணியிருந்தது. சக்கரம் சுற்றும்போது ஒரே இடத்தில் 'சர்ர்' என்று உரசும். அவன் இல்லாத நாட்களில் தரையில் உட்கார்ந்து அதைச் சரிசெய்தது நான்தான். ஸ்பானரும் தகர வாஷரும் கையுமாகக் கிடந்தேன். வாஷர் போடு, சுற்று, காது கொடு, கழற்று. உரசல் நின்ற மத்தியானம் யாரும் வீட்டில் இல்லை. நானே கையைத் தட்டிக்கொண்டேன்.

அடுத்த ஞாயிறு பரீட்சை. இறக்கத்தின் முடிவில், விளக்குக் கம்பத்துக்குப் பக்கத்தில் நைனா கையை விரித்துக்கொண்டு நின்றார். நான் மேலேயிருந்து வந்தேன். பிடித்தேன். அவருக்கு ஒரு முழம் முன்னால் வண்டி நின்றது. அவர் வண்டியைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார்.

"விஜயதசமி அன்னிக்கு இன்ஸ்டிட்யூட்டுல சேந்துக்க" என்று சொல்லிவிட்டு நடந்துபோனார்.

ஆயுத பூஜைக்கு முதல் நாள் எங்கள் பக்கம் எல்லா இரும்பையும் வெளியே எடுத்துவிடுவோம். தூண்டில் முள், கத்தி, அருவாமனை, கட்டுமரத்துச் சாமான் எதுவும் பாக்கியிருக்காது. உப்புக்காற்று இரும்பைத் தின்றுவிடும் என்பதால் தேய்த்துத் துடைத்து மீனெண்ணெய் பூசி வைப்பது வழக்கம். மறுநாள் சந்தனமும் குங்குமமும் வைத்துப் படைத்தோம். என் வண்டிக்கு மாலைகூடப் போட்டார் நைனா. தட்டு பளபளவென்று மின்னியது. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

விஜயதசமி காலை சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் நசுங்க நான் புறப்பட்டேன். இறக்கத்தில் பிரேக்கைப் பிடித்தேன். கம்பி இழுத்தது, கட்டை கவ்வியது, வண்டி நிற்கவில்லை. முழுபலத்தோடு இழுத்தேன். விளக்குக் கம்பம் தாண்டிப் போயிற்று. லாரி ஹாரன் காதைப் பிளந்தது. தெருமுனையில் குவித்திருந்த வலைமேல் வண்டியைத் திருப்பினேன். வலை என்னையும் வண்டியையும் சேர்த்துச் சுருட்டிக்கொண்டது. முழங்கையில் சிராய்ப்பு, அவ்வளவுதான்.

நைனா ஓடிவந்து வலையை விலக்கி என்னைத் தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு நடந்தார். அன்று சாயங்காலமே பின்சக்கரத்தைக் கழற்றிப் பரணில் போட்டுவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை அண்ணன் வந்தான். பரணில் ஏறித் தட்டை விரலால் தடவினான். விரலை மோந்து பார்த்தான்.

"யாரு இதுல எண்ண தடவனது?"

"நான்தான்டா" என்றாள் அம்மா. "லேசா துரு ஏறிகினு இருந்துது. பாவம், பொண்ணு பாடுபட்டு பண்ணதாச்சேன்னு நல்லா தடவி வெச்சேன்."

எல்லா இரும்புக்கும் பூசினவள் இதற்கும் பூசியிருக்கிறாள். எங்கள் வீட்டில் மீன் வாடையை யார் தனியாகக் கண்டுபிடிப்பது? எண்ணெய் பட்டால் அந்தக் கட்டை பிடிக்காது என்று அண்ணன் விளக்கினான். அம்மா அப்படியே சுவரோரம் உட்கார்ந்துவிட்டாள். எனக்கோ, சொன்னால் நம்ப மாட்டீர்கள், சந்தோஷம் பொங்கியது. பிரேக் மேல் தப்பில்லை! நைனா எப்போது கரையேறுவார் என்று காத்துக்கிடந்தேன்.

வந்ததும் சொன்னேன். அவர் துண்டை உதறிக் கொடியில் போட்டார்.

"தெரியும்" என்றார்.

"இன்னா தெரியும்?"

"கழட்டறப்பவே கையில வழுக்கிச்சு. இந்த எண்ணெயிலயே பொறந்து வளந்தவன் நானு."

"அப்பறம் ஏன் நைனா சொல்லல?"

"சொன்னா நீ மறுபடியும் போவ."

எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. "தெனம் கடலுக்குப் போறியே, ஒன் கட்டுமரத்துக்கு இன்னா பிரேக்கு கீது?" என்று கத்தினேன்.

அவர் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். பிறகு, "நான் போறத நான் பாக்கறதில்லம்மா. நீ போறத நான் பாக்கணுமே" என்றார்.

எந்தப் பிரேக் போட்டாலும் இந்த மனிதருக்குப் போதாது என்பது அப்போதுதான் புரிந்தது. அம்மா எழுந்து போய்ச் சீயக்காய்த் தூளைக் கரைத்துக்கொண்டு வந்தாள். "சக்கரத்த எறக்குடா" என்று அண்ணனிடம் சொன்னாள். தட்டை அவள் தேய்த்த தேய்ப்பில் அவள் விரல்தான் சிவந்தது. அண்ணன் புதுக் கட்டை வெட்டி மாட்டினான். நைனா பார்த்துக்கொண்டே இருந்துவிட்டுக் கட்டுமரத்துக் கயிறு ஒன்றை எடுத்துவந்து, என் சாய்வுத் துணிக்குப் பின்னால் பைப்பில் கட்டினார்.

அதுதான் சமாதானம். கடலிலிருந்து வந்ததும் வராததுமாகக் கயிற்றைப் பிடித்தபடி என் பின்னால் நடப்பார். இறக்கத்தில் நான் பிரேக்கைப் பிடிப்பேன், வண்டி நிற்கும், கயிறு தொய்ந்து மண்ணில் கிடக்கும். ஒரு நாள்கூட அது இறுகியதில்லை. அவர் விட்டதுமில்லை. இன்ஸ்டிட்யூட்டுக்குள் மேஜை வரை என்னைத் தள்ளிக்கொண்டு போய், கயிற்றின் மறுமுனையை ஜன்னல் கம்பியில் கட்டிவிட்டு, வெளியே போய் பீடி பற்றவைப்பார். கடலே இழுத்தாலும் அவிழாத முடிச்சு அது. அதைப் பார்த்துக்கொண்டே டைப் அடிக்கக் கற்றுக்கொண்டேன்.