எல்லாருக்கும் ஒரே முதல் பத்தி

கல்லூரிக் கேண்டீன் சுவரில் புதிதாக ஏதாவது தாள் ஒட்டினால் அது ஆங்கிலத்தில்தான் இருக்கும். நான் மேசை துடைக்கிற துணியோடு அதன் முன்னால் போய் நிற்பேன். படிக்கிற மாதிரி கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு அடுப்புப் பக்கம் வந்துவிடுவேன். ஆறாம் வகுப்போடு நின்ற படிப்பு என்னுடையது. தமிழ் நன்றாகப் படிப்பேன், மலாய் தட்டுத்தடுமாறிப் படிப்பேன். ஆங்கிலம் வராது. படிக்கிற பிள்ளைகள் சுற்றி உட்கார்ந்திருக்கிற இடத்தில் யாரிடமாவது கேட்கவும் கூச்சம்.

ஒரு நாள் அப்படி நின்றபோது கலாதேவி மிஸ் பக்கத்தில் வந்து நின்றார். என்னைப் பார்க்கவில்லை. தாளைப் பார்த்துத் தன்பாட்டுக்குச் சலித்துக்கொண்டார்.

"என்னலா இது, புதன்கிழமை காலையில தண்ணி வராதாம். இத இவ்வளவு பொடி எழுத்துலயா போடுவாங்க?"

அப்படியே திரும்பி, "அக்கா, ஒரு தே ஓ கொசோங்," என்று சர்க்கரை போடாத வெறுந்தேநீர் ஒன்று கேட்டுவிட்டுப் போய் உட்கார்ந்தார். செவ்வாய்க்கிழமையே நான் எல்லா வாளியிலும் தண்ணீர் பிடித்து வைத்துவிட்டேன். அடுத்த தாள் ஒட்டியபோதும் அப்படியே வந்து நின்று முணுமுணுத்தார். அதற்கடுத்த தாளுக்கும் அப்படித்தான். அவருக்கு அந்தச் செய்தியெல்லாம் முந்தின நாளே கைப்பேசியில் வந்துவிடும் என்பது எனக்கு வெகு காலம் கழித்துத்தான் தெரிந்தது. அவர் அதைப் பற்றிப் பேசியதில்லை. நானும் கேட்டதில்லை. ஜெபமாலை சொல்லும்போது அவர் பெயரையும் ஆண்டவரிடம் சொல்லிவிடுவேன், அவ்வளவுதான்.

ஈப்போவில் இருக்கிற எங்கள் கல்லூரியில் மிஸ் எழுதக் கற்றுக்கொடுத்தார். முதலில் கேட்டபோது எனக்குச் சிரிப்பு வந்தது.

"எழுதவா மிஸ் காலேஜு? அத ஒண்ணாம் வகுப்புலயே சொல்லிக் குடுத்துட்டாங்களே."

"எழுத்து கூட்டத்தான அங்க சொல்லிக் குடுத்தாங்க? பேசச் சொன்னா கடகடன்னு பேசுற புள்ளைக்கு, பேனாவப் புடிச்சதும் ஏன் கை நின்னு போகுது? அதுதான்க்கா எனக்குத் தெரியணும்."

அதுதான் அவருடைய ஆராய்ச்சி. ஆராய்ச்சி என்றால் கண்ணாடிக் குழாயும் மருந்தும் என்று நினைத்திருந்தேன். மிஸ்ஸுக்கு ஒரு கைப்பேசியும் எங்கள் கேண்டீனில் மின்விசிறிக்குக் கீழே இருக்கிற கடைசி மேசையும் போதும். மதியக் கூட்டம் கலைந்த பிறகு ஒரு பிள்ளையைக் கூட்டிவந்து உட்கார வைப்பார். ஒரு தலைப்பு கொடுப்பார். கைப்பேசியில் பதிவு போடுவார். "எழுதும்போது மனசுல என்ன ஓடுதோ அத வாய்விட்டுச் சொல்லிக்கிட்டே எழுது. எந்தப் பாஷையில வருதோ அதுல சொல்லு. என்னப் பாக்காத," என்பார். அவருடைய அறையில் வைத்துச் செய்தால் பிள்ளைகள் விறைத்துப் போகிறார்களாம். இங்கே நான் தட்டுக் கழுவுகிற சத்தம் இருந்தால் வாய் திறக்கிறார்களாம்.

சுரேன் என்று ஒரு பையன், வாய்த்துடுக்கு அதிகம். முதல் தடவை உட்கார்ந்ததும் சொன்னான்: "மிஸ், பசிக்குது. மனசுல அதுதான் ஓடுது."

நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். மிஸ் சிரிக்கவில்லை. அதையும் தன் தாளில் குறித்துக்கொண்டார். பிறகு எழுந்து வந்து, "அக்கா, அவனுக்கு ஒரு மீ கோரேங் போடுங்க. உண்மையச் சொல்லியிருக்கான்," என்றார். நூடுல்ஸை வறுத்துத் தட்டில் போட்டுக் கொடுத்தேன்.

மிஸ் பிறந்தது கமுந்திங்கைத் தாண்டி இருந்த ஒரு ரப்பர் தோட்டத்தில். இப்போது அந்த இடத்தில் பாதி எண்ணெய் எடுக்கிற செம்பனை, பாதி தொழிற்சாலை. தோட்டத்துப் பள்ளியில் படித்தபோது கட்டுரைப் போட்டிக்கு வாத்தியார் ஒரு கட்டுரை எழுதிக் கொடுத்து மனப்பாடம் செய்யச் சொன்னாராம். தலைப்பு, 'என் ஆகாய விமானப் பயணம்'.

"நான் அப்ப பக்கத்துல இருக்கிற தைப்பிங் டவுனையே ஒழுங்காப் பாத்ததில்லக்கா. மேகத்துக்கு மேல பறந்தேன், பஞ்சு பஞ்சா இருந்துச்சுன்னு எழுதி முதல் பரிசு வாங்கினேன். பெரியவளாகி நெசமா பிளேன் ஏறினப்ப பாத்தா, எனக்கு ரெக்கைக்குப் பக்கத்து சீட்டு. ரெக்கையத் தவிர ஒண்ணும் தெரியல."

சொல்லிவிட்டு அவர் சிரித்த சிரிப்பு இப்போதும் என் காதில் இருக்கிறது.

ஒரு வருடம் நடந்ததைத்தான் நான் முக்கியமாகச் சொல்ல வேண்டும்.

பிள்ளைகள் ஆங்கிலத்தில் எழுதிக் கொடுக்கிற கட்டுரையை ஒரு கணினியில் போட்டுச் சோதிப்பார்கள். எங்கிருந்தாவது பார்த்து எழுதியிருந்தால் அது காட்டிக்கொடுத்துவிடும். அந்தத் தடவை தினேஸ்வரி, சுரேன், இன்னும் சில பிள்ளைகள், எல்லாருடைய முதல் பத்தியும் ஒன்றுபோலவே இருப்பதாகக் காட்டிவிட்டது. ஒரு வார்த்தைகூட மாறவில்லையாம். காப்பி அடித்தது உறுதியானால் கல்லூரியை விட்டு அனுப்பிவிடுவார்கள். அதுதான் விதி.

தினேஸ்வரி அமைதியான பிள்ளை. தட்டை அவளே கழுவி வைத்துவிட்டுப் போவாள். அன்றைக்கு என்னிடம் வந்து நின்றவள் அழக்கூட இல்லை.

"வீட்டுக்கு அனுப்பிட்டாங்கன்னா அம்மா வேல செய்ற ஃபேக்டரியிலேயே எனக்கும் எடம் இருக்குக்கா. சூப்பர்வைசர் கேட்டுக்கிட்டேதான் இருக்காரு."

"நீ பாத்து எழுதினியா?"

"சத்தியமா இல்லக்கா. மனப்பாடம் பண்ணது. அது எப்படிக்கா காப்பி ஆகும்? கஷ்டப்பட்டு மனப்பாடம் பண்ணேன்லா."

அவள் கேட்டது எனக்கு நியாயமாகத்தான் பட்டது. மிஸ்ஸிடம் போய் அதையே சொன்னேன். அவர் தேநீரைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"மனப்பாடம்னா சொன்னா?"

"ஆமா மிஸ்."

அவர் எழுந்தார். நேரே துறைத் தலைவர் ஜெயபாலன் சார் அறைக்குப் போனார். மறுநாள் மதியம் சாரைக் கேண்டீனுக்கே கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். சார் கெட்டவர் இல்லை. கறாரானவர். "கலா, எல்லாருக்கும் ஒரே ரூல்தான். நான் ஒருத்தருக்கு மட்டும் மாத்த முடியாது," என்று சொல்லிக்கொண்டே வந்தார்.

"மாத்த வேணாம் சார். ஒரு டீ குடிங்க. குடிச்சு முடிக்கிற வரைக்கும் காத மட்டும் குடுங்க."

கடைசி மேசையில் தினேஸ்வரி. அடுத்த மேசையில் சார், அவளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு. மிஸ் பதிவைப் போட்டுவிட்டுத் தலைப்பைச் சொன்னார். 'காத்திருப்பது'. அவ்வளவுதான் தலைப்பு.

நான் தட்டுக் கழுவுவதை நிறுத்தவில்லை. சத்தம் நின்றால் அந்தப் பிள்ளை பயந்துவிடுமே.

தினேஸ்வரி கண்ணை மூடிக்கொண்டாள். உதடு அசைந்தது. ஆங்கிலத்தில் ஏதோ வந்தது, ஏற்ற இறக்கம் இல்லாமல், மூச்சு விட வேண்டிய இடத்தில் மட்டும் நின்று. எனக்கு ஒரு வார்த்தைகூட விளங்கவில்லை. ஆனாலும் அந்த நடை எனக்குத் தெரிந்த நடைதான். கோயிலில் ஜெபமாலைக்கு எல்லாரும் சேர்ந்து சொல்வோமே, அதே நடை. என் கை தன்னால் சிலுவை போடப் போனது. கையில் சோப்பு.

பாதியில் அவளுக்குத் தடங்கியது. உடனே வாசல் பக்கத்திலிருந்து ஒரு குரல் மீதியை எடுத்துக்கொடுத்தது. சுரேன்தான். தன் முறைக்காகக் காத்திருந்தவன், அவள் விட்ட இடத்திலிருந்து பிடித்து, கடைசி வரைக்கும் ஒரே மூச்சில் சொல்லி முடித்துவிட்டான்.

ஜெயபாலன் சார் திரும்பிவிட்டார். "டேய், இங்க வா. இது எங்க படிச்சது?"

"பெரியநாயகம் அண்ணன் டியூஷன்ல சார். எங்க குடியிருப்புத் தாமான்ல எல்லாரும் அவர்கிட்டதான் படிப்போம். எந்தத் தலைப்பு வந்தாலும் இத மேல போட்டுடணும்னு சொல்லுவாரு."

"எந்தத் தலைப்பு வந்தாலுமா?"

"டெங்கிக் கொசுவுக்குப் போட்டிருக்கேன் சார். சாலை விபத்துக்கும் போட்டிருக்கேன்."

"'இந்த உலகமயமாக்கல் காலத்தில்'னு அந்தப் பத்தி ஆரம்பிக்குதே, உலகமயமாக்கல்னா என்னடா?"

சுரேன் தலையைச் சொறிந்தான். "அது தெரியாது சார். ஆனா போட்டா மார்க் வரும்."

சாருக்கு உதட்டோரம் சிரிப்பு வந்துவிட்டது. தேநீர்க் குவளையை எடுத்து முகத்தை மறைத்துக்கொண்டார். மிஸ் மட்டும் தினேஸ்வரியையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பிள்ளை தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தது.

"தினேஸ்வரி, அது முடிஞ்சிருச்சு. இப்ப நீ சொல்லு. காத்திருக்கிறதுன்னா உனக்கு யாரு ஞாபகம் வர்றாங்க?"

"அம்மா."

"எங்க காத்திருக்காங்க?"

"ரோட்டு ஓரத்துல மிஸ். விடியறதுக்கு முன்னாடி ஃபேக்டரி வேன் வரும். இருட்டுல ஆள் தெரியலன்னா வேன்காரன் நிறுத்தாமப் போயிடுவான். ஒரு தடவ அப்படிப் போயிட்டான். அதிலிருந்து அம்மா மஞ்சள் ரெயின்கோட் போட்டுக்கிட்டுத்தான் நிப்பாங்க. மழை இல்லாத நாள்லயும். பாக்குறவங்க சிரிப்பாங்க மிஸ். நான்கூட..."

"எழுது."

"இதையா மிஸ்? இதெல்லாம் கட்டுரையா?"

"எழுதும்மா."

அவள் எழுதினாள். இடையிடையே தமிழில் ஏதோ சொல்லிக்கொண்டும், வார்த்தை கிடைக்காமல் மேலே மின்விசிறியைப் பார்த்துக்கொண்டும். சாருடைய தேநீர் ஆறிப்போயிருந்தது. இன்னொன்று போட்டுக் கொண்டுபோய் வைத்தேன். சார் அதையும் குடிக்கவில்லை, எழுந்தும் போகவில்லை.

அந்தப் பிள்ளைகளை அனுப்பவில்லை. விதியையும் விடவில்லை. பழைய கட்டுரைக்கு மதிப்பெண் கிடையாது, எல்லாரும் மறுபடி உட்கார்ந்து புதுத் தலைப்பில் எழுத வேண்டும் என்று ஜெயபாலன் சார் சொல்லிவிட்டார். எழுதினார்கள். தினேஸ்வரிக்குப் பெரிய மதிப்பெண் இல்லை, தேறிவிட்டாள். சுரேன் மயிரிழையில் தப்பினான். "அந்தப் பத்தி இல்லாம எழுதுறது சட்டை இல்லாம ரோட்ல போற மாதிரி இருக்குக்கா," என்று என்னிடம் வந்து புலம்பினான்.

எனக்கு மட்டும் மனதில் ஒரு உறுத்தல். ஒரு நாள் மிஸ்ஸிடம் கேட்டேவிட்டேன்.

"மிஸ், நானும் தினமும் மனப்பாடமாத்தான் ஜெபம் சொல்றேன். அப்ப அதுவும் பொய்யா?"

அவர் முருக பக்தை. தைப்பூசத்துக்கு வருடம் தவறாமல் பால்குடம் எடுப்பவர். கேலி செய்யமாட்டார் என்று தெரிந்துதான் கேட்டேன்.

"ஐயோ, யாருக்கா சொன்னா? கவசம் நானும் மனப்பாடமாத்தான் சொல்றேன். சொல்லி முடிச்சதும் நீங்க உடனே எந்திரிச்சுருவீங்களா?"

"இல்ல மிஸ். கொஞ்ச நேரம் சும்மா இருப்பேன்."

"அந்த நேரத்துல என்ன சொல்லுவீங்க?"

"வேறென்ன, வீட்டுப் பாடுதான். புள்ளைங்கள, காலு வலிய..."

"அங்க போய்ச் சேரத்தான் முன்னாடி சொன்னதெல்லாம். இந்தப் புள்ளைங்கள அந்தச் சும்மா இருக்கிற நேரம் வரைக்கும் யாரும் கூட்டிட்டுப் போகல. பாதி வழியிலேயே மார்க்கப் போட்டு அனுப்பிட்டாங்க." குவளையை மேசையில் சுழற்றிக்கொண்டே சொன்னார்: "என்னையும் அப்படித்தான் பரிசு குடுத்து அனுப்பினாங்க."

மிஸ் இதைப் பற்றி ஒரு ஆராய்ச்சிக் கட்டுரை எழுதி பினாங்கில் ஒரு கூட்டத்தில் வாசித்தார். போவதற்கு முன் பெரியநாயகம் என்கிற அந்த டியூஷன்காரரைப் போய்ப் பார்த்துவிட்டு வந்தாராம். நான், "நல்லாக் குடுத்தீங்களா மிஸ்?" என்றேன். "எதுக்குக்கா? வேலை முடிஞ்சு வந்து ராத்திரியில ஊர்ப் பிள்ளைகளுக்குச் சும்மா சொல்லிக் குடுக்கிற மனுஷன். அவருக்கும் யாரோ அப்படித்தான் சொல்லிக் குடுத்திருக்காங்க. மஞ்சள் ரெயின்கோட் கட்டுரையக் காட்டினேன். ரெண்டு தடவ படிச்சாரு," என்றார். இப்போதெல்லாம் அங்கே பிள்ளைகளை முதலில் பேசவைத்துவிட்டுத்தான் எழுதச் சொல்கிறாராம். அதைச் சுரேன்தான் வந்து சொன்னான்.

பினாங்கிலிருந்து வந்ததும் மிஸ், அங்கே போட்டுக்காட்டிய ஒலிப்பதிவை எனக்கும் போட்டுக்காட்டினார். தினேஸ்வரி மெதுவாகப் பேசுகிறாள், பின்னால் என் தட்டுகள் டங்கு டங்கென்று. "இது என்ன சத்தம்னு எல்லாரும் கேட்டாங்க. இது எல்ஸி அக்கா, இவங்க இல்லாம இந்த ஆராய்ச்சி இல்லன்னு சொன்னேன்," என்றார். எனக்கு வெட்கமாகிவிட்டது. இன்னும் பக்குவமாகக் கழுவியிருக்கலாம்.

போன வருடக் கடைசியில் மிஸ்ஸுக்குக் கூச்சிங்கில் ஒரு கல்லூரியில் வேலை கிடைத்தது. அங்கே பல குடும்பங்கள் ஒரே கூரைக்குக் கீழே வாழ்கிற நீண்ட வீடுகளிலிருந்து வருகிற பிள்ளைகள் எப்படி எழுதுகிறார்கள் என்று பார்க்கப் போகிறாராம். முகத்தில் அவ்வளவு சந்தோஷம். போகிற நாளன்று காலையில் கேண்டீனுக்கு வந்தார். வெளியே மழை. வழக்கம்போல தே ஓ கொசோங் குடித்தார். தினேஸ்வரி மேல்படிப்புக்கு விண்ணப்பம் போட்டிருக்கிறாள் என்று சொன்னேன். "தெரியும், ஆரம்பத்த மட்டும் எனக்கு அனுப்பிக் காட்டினா. நல்லா இருந்துச்சு," என்றார்.

சுவரில் புதுத் தாள் ஒன்று ஒட்டியிருந்தது. போகிற வழியில் நின்று, "அட, அடுத்த வாரம் கேண்டீனுக்குப் பெயிண்ட் அடிக்கிறாங்களாம். சாமான எல்லாம் மூடி வைக்கணும் போல," என்று முணுமுணுத்தார். இந்தத் தடவை என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். நானும் சிரித்தேன்.

வாசல் வரைக்கும் குடை பிடித்துக்கொண்டு போனேன். கார் வரும் வரை சொல்லாமல் வைத்திருந்ததைச் சொன்னேன்.

"மிஸ், தமிழ் மன்றத்துப் புள்ளைங்க ஆண்டு மலருக்கு உங்களப் பத்தி எழுதித் தாங்கன்னு எங்கிட்ட கேட்டிருக்காங்க. நான் என்னத்த மிஸ் எழுதுவேன்? ஆரம்பிச்சாலே, 'அன்பும் பண்பும் நிறைந்த'ன்னுதான் வருது."

மிஸ் காருக்குள் உட்கார்ந்து கண்ணாடியை இறக்கினார். மழைத்துளி அவர் கை மேல் விழுந்தது.

"அது வரட்டும்க்கா. அதத் தடுக்காதீங்க. மனப்பாடமா வர்றத எல்லாம் முதல்ல எழுதி முடிச்சிருங்க. அப்புறம் அந்தத் தாள எடுத்து அடுப்புல போட்டுட்டு, தட்டுக் கழுவிக்கிட்டே எங்கிட்ட பேசுவீங்கள்ல, அப்படி எழுதுங்க. நான் கேட்டுக்கிட்டுத்தான் இருப்பேன்."