வெள்ளிக்கிழமைப் பானையில் கறி இல்லை

எங்கள் வீட்டில் கறி நின்றது விரதத்துக்காக இல்லை. டாக்டர் சொல்லியும் இல்லை. வீடு வேண்டும் என்பதற்காக நின்றது.

அதற்கு முன்னால் திருமழிசையில் இருந்தோம், தொழிற்பேட்டைக்குப் பின்பக்கத் தெருவில். பக்கத்துச் சுவரை ஒட்டி ஒரு பட்டறை. இரும்புச் சாமான்களுக்குப் பெயிண்ட் பீய்ச்சி அடிப்பார்கள். அந்த நெடி எங்கள் தலையணை உறை வரைக்கும் ஏறியிருக்கும். என் மகளுக்கு வீசிங். பத்தாவது படிக்கிற பெண், பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் பேச முடியாமல் கையை மட்டும் காட்டுவாள், கொஞ்சம் பொறு என்று. டாக்டரம்மா மருந்தை எழுதிக் கொடுத்துவிட்டு, மருந்து பாதிதான், முதலில் அந்த வீட்டை விடுங்கள் என்றார்.

என் வீட்டுக்காரர் பூந்தமல்லியில் பைக்குக்கும் ஆட்டோவுக்கும் சீட் தைக்கிற கடை வைத்திருக்கிறார். கடைக்குப் பக்கமாகவே தேடினோம். போனில் கேட்டால் வீடு காலியாக இருக்கும். நேரில் போய் என் முக்காட்டைப் பார்த்ததும் யாரோ நேற்றே அட்வான்ஸ் கொடுத்துவிட்டுப் போயிருப்பார்கள். எனக்குக் கோபம் கூட வரவில்லை, அசதிதான் வந்தது.

கடைசியில் மாங்காடு போகிற ரோட்டில் ஒரு மாடி வீடு. கீழே ஓனரம்மா தனியாக இருந்தார். பிள்ளைகள் வெளியூர். அவர் சுற்றி வளைக்கவில்லை.

"ஜாதி, மதம்லாம் நான் பாக்கறதில்ல பாய். ஆனா கவுச்சி சமைக்கக் கூடாது, முட்டை கூட. உங்க அடுப்படிக்கு நேர் கீழதான் என் பூஜை ரூம்."

அவர் சொல்லி முடிக்கும் முன்பே என் வீட்டுக்காரர் தலையாட்டிவிட்டார். நான் மகளைப் பார்த்தேன். மூன்று பக்கமும் ஜன்னல். அவள் ஒரு ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு வாயை மூடி, மூக்கால் மூச்சு விட்டுக்கொண்டிருந்தாள். அவளை அப்படிப் பார்த்து எத்தனையோ நாளாயிற்று. நான் சொன்னேன், "சமைக்கவும் மாட்டோம், உள்ள கொண்டாரவும் மாட்டோம்மா. ஆண்டவனுக்குப் பொதுவா சொல்றேன்."

வெளியே வந்ததும் என் வீட்டுக்காரர் என்னைப் பிடித்துக்கொண்டார். சமைக்கக் கூடாது என்று மட்டும்தானே அந்தம்மா கேட்டது, கொண்டு வர மாட்டோம் என்று உன்னை யார் சொல்லச் சொன்னது என்று.

"ஒரு பார்சலாவது வாங்கிகினு வந்திருப்பேன். அதுக்கும் பூட்டு போட்டுட்ட. அல்லாஹ் ஹலாலாக்கி வச்சத நீ எதுக்கு ஹராமாக்கற?"

நான் எட்டாவதோடு நின்றவள். மார்க்கத்தில் வாதம் பண்ணத் தெரியாது. ஆனால் கொடுத்த வாக்கு அமானிதம், நம்பி ஒப்படைத்த பொருள் மாதிரி என்று தெரியும். ஹராமாக்கவில்லை, அந்த வீட்டுக்குள் வேண்டாம் என்கிறேன், அவ்வளவுதான் என்று சொன்னேன். பஸ் வரும்வரை அவர் தள்ளியே நின்றார்.

குடிவந்த முதல் வாரத்திலேயே எனக்கு ஒன்று தெரிந்து போயிற்று. எனக்கு சமையலே தெரியாது. இத்தனை வருஷம் கறிதான் எனக்காகச் சமைத்திருக்கிறது. தால்ச்சா என்று ஒன்று வைப்பேன். பருப்பு, கத்திரிக்காய், மாங்காய். அதை நான் காய்க் குழம்பு என்றே நினைத்திருந்தேன். எலும்பு போடாமல் வைத்துப் பார்த்தபோதுதான் அது எதனால் ருசித்தது என்று புரிந்தது. சாம்பார் வைத்தால் சால்னா மாதிரி வந்தது. உருளைக்கிழங்கை வறுத்தேன், வேகவைத்தேன், மசித்தேன். எப்படிச் செய்தாலும் அது உருளைக்கிழங்காகவே இருந்தது.

என் மகள் தட்டில் ஒவ்வொரு துண்டையும் விரலால் திருப்பிப் பார்ப்பாள், அம்மா எங்கேயாவது ஒன்றாவது ஒளித்து வைத்திருக்கிறாளா என்று. என் வீட்டுக்காரர் அதுவும் செய்ய மாட்டார். இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டு, பசியில்லை என்று எழுந்துவிடுவார். கடையில் அவ்வளவு வேலை பார்த்துவிட்டு வருகிற ஆளுக்கு எப்படிப் பசிக்காமல் போகும்? துவைக்கப் போடும்போது அவர் சட்டையை மோந்து பார்ப்பேன். ரெக்ஸின் வாடையும் பசை வாடையும்தான் வரும். சில நாள் வாயில் சோம்பு மணக்கும். சீட் தைக்கிற கடையில் சோம்பு எதற்கு? வெளியே சாப்பிட்டால் வாக்கு ஒன்றும் முறிந்துவிடாதுதான். இருந்தாலும் கேட்கவில்லை. கேட்டால் உண்மையைச் சொல்லிவிடுவார் என்று பயம்.

அவரைச் சந்தேகப்பட்டுக்கொண்டே இருந்த நேரத்தில்தான், எங்களையும் ஒருத்தர் சந்தேகப்படுகிறார் என்பதைக் கவனித்தேன். ஓனரம்மா மொட்டை மாடிக்குத் துணி காயப்போட வருவார். ஒரு ஆளின் துணிக்கு எத்தனை நடை? போகும்போது ஒரு நடை, வரும்போது ஒரு நடை, நடுவில் கிளிப் மறந்துவிட்டது என்று ஒரு நடை. ஒவ்வொரு நடையிலும் எங்கள் வாசலில் அவர் கால் கொஞ்சம் நிற்கும். குப்பைக்காரர் வரும் நேரம் பார்த்து அவரும் கேட்டருகே நிற்பார். நான் கறுப்புக் கவரில் குப்பை கட்டுவதை நிறுத்திவிட்டு, உள்ளே இருப்பது தெரிகிற வெள்ளைக் கவருக்கு மாறினேன். தெருவில் காய்வண்டி வந்தால் மாடியிலிருந்தே சத்தமாக, பீன்ஸ் அரைக் கிலோ, முள்ளங்கி அரைக் கிலோ என்று கீழே கேட்கிற மாதிரி சொல்வேன். என் மகள் சிரிப்பாள். "ம்மா, ஊருக்கே மைக் போட்டு சொல்லிடு."

அவள் சிரித்தால் இருமல் வரவில்லை. அதற்காக முள்ளங்கியை எத்தனை தரம் வேண்டுமானாலும் கத்தலாம்.

வெள்ளிக்கிழமைதான் கஷ்டம். ஜும்ஆ முடிந்து அவர் பள்ளிவாசலிலிருந்து வந்தால் பிரியாணி இருக்க வேண்டும், கல்யாணமான நாளாக அப்படி. அவர் ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் தொப்பியைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, தட்டைப் பார்த்து ஒரு மூச்சு விடுவார். அந்த மூச்சை என்னால் தாங்க முடியவில்லை. கடையில் விசாரித்து மீல்மேக்கர் வாங்கிவந்தேன். அதையும் நான் நம்பவில்லை. பஞ்சும் இல்லை, பருப்பும் இல்லை. இதை எதிலிருந்து செய்கிறார்கள் என்று பாக்கெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். கடைக்காரர் சோயாதான் அக்கா, பயப்படாதே என்றார். வெந்நீரில் ஊறவைத்துப் பிழிந்து, தயிரும் மசாலாவும் போட்டுப் பிசறி, பிஸ்மில்லாஹ் சொல்லி அடுப்பில் ஏற்றினேன். பட்டை, கிராம்பு, ஏலக்காய், இஞ்சிப் பூண்டு, கை நிறைய புதினா. எனக்கே அழுகை வந்துவிட்டது. அத்தனை நாளுக்குப் பிறகு வீட்டுக்குள் வெள்ளிக்கிழமை வந்திருந்தது.

ஓனரம்மாவுக்கும் அதுதான் வெள்ளிக்கிழமை. மாங்காட்டு அம்மன் கோயிலுக்குப் போய்விட்டு அந்நேரம்தான் திரும்புவார். தெருமுனையிலேயே வாசனை எதிர்கொண்டிருக்க வேண்டும். கதவு தட்டுகிற சத்தம் கேட்டுத் திறந்தால், நெற்றியில் புதுக் குங்குமம், கையில் அர்ச்சனைக் கூடை. மூச்சிரைக்க நின்றார்.

"இன்னிக்கு வெள்ளிக்கிழமைம்மா. இன்னிக்குப் போயா?"

கறி இல்லையம்மா, மசாலா வாசனைதான் என்றேன். அவர் நம்பவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. நான் பதறிப்போய் அவரை அடுப்படி வாசல்வரை கூட்டிப் போய், தம் போட்டிருந்த தட்டைத் தூக்கினேன். அதுதான் நான் செய்த பெரிய தப்பு. ஆவி விலகியதும் உள்ளே பழுப்புப் பழுப்பாகத் துண்டுகள், மசாலா ஏறி, ஓரம் சுருங்கி. எனக்கே ஒரு நொடி பகீர் என்றது. அச்சு அசல் ஆட்டுக்கறி.

அவர் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டார்.

மீல்மேக்கர்மா, சோயா என்று சொல்லி, ஒரு துண்டை எடுத்து விரலால் பிட்டுக் காட்டினேன். எலும்பு இல்லை பாருங்கள், கொழுப்பு இல்லை பாருங்கள் என்றேன். அவர் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னார், "எனக்கு எப்படிம்மா தெரியும்? கறிய நான் கிட்ட நின்னு பாத்ததே இல்லியே."

கறி தின்றவர்களுக்கு இது கறி இல்லை என்று ஒரே வாயில் தெரிந்துவிடும். தின்னாதவரிடம் எதைக் காட்டி நிரூபிப்பது? வாயில் போட்டுப் பாருங்கள் என்று அவரிடம் சொல்ல முடியுமா? மிச்சமிருந்த பாக்கெட்டைக் காட்டினேன். பாக்கெட்டில் இருந்ததுதான் பானையில் இருக்கிறது என்பதற்கு என்ன சாட்சி என்று அவர் கேட்கவில்லை. ஆனால் கேட்கிற மாதிரிதான் நின்றார். சாயந்திரம் பாயிடம் பேசிக்கொள்கிறேன் என்று இறங்கிப் போய்விட்டார்.

அவர் என்ன பேசப் போகிறார் என்று எனக்குத் தெரியும். பரீட்சை லீவு, மகளின் ஸ்கூல் பை கட்டில்மேல் கிடந்தது. பக்கத்தில் வீசிங்குக்கு அவள் இழுக்கிற பம்ப். இந்த வீட்டுக்கு வந்த பிறகு அதை அவள் தொட்டதே குறைவு. அன்றைக்குப் பிரியாணி யாருக்கும் இறங்கவில்லை. பொழுது சாயும் முன் அஸர் தொழுதுவிட்டு, யா அல்லாஹ், நான் உன்னை வைத்துச் சொன்ன வார்த்தை உனக்குத் தெரியும், அவருக்கும் தெரிய வை என்று கேட்டேன். கேட்டுவிட்டு நானே கீழே இறங்கினேன். கடைக்குத் திரும்பிப் போன வீட்டுக்காரர் வரும்வரை காத்திருக்க மனசு வரவில்லை.

"அம்மா, அடுத்த வெள்ளிக்கிழமை மறுபடியும் இதையே செய்யறேன். நீங்க வந்து ஒக்காருங்க. அரிசி களையறதுலேர்ந்து தம் எறக்கற வரைக்கும் பாருங்க. அதுக்கப்பறமும் சந்தேகம்னா, நாங்களே காலி பண்ணிடறோம்."

அவர் சரி என்று தலையை அசைத்தார்.

என் வீட்டுக்காரர் கேட்டுவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார். "போலீஸ்காரங்கள நடுவூட்ல ஒக்கார வச்சு சமைக்கப் போறியா?" ஆனால் அடுத்த வெள்ளிக்கிழமை கடைக்குக் கிளம்பும் முன், அடுப்படி வாசலில் நாற்காலியைப் போட்டு, தூசி தட்டி வைத்தவர் அவர்தான்.

ஓனரம்மா அன்று கோயிலுக்கு விடியற்காலையிலேயே போய்வந்துவிட்டார். நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். நான் கழுவிய பாத்திரத்தையே மறுபடி கழுவினேன். பாக்கெட்டை அவர் கையில் கொடுத்து அவரையே பிரிக்கச் சொன்னேன். ஊறியதும் ஒன்றை எடுத்து அழுத்திப் பார்த்தார். தண்ணீர் வழிந்தது. "ஸ்பாஞ்சு மாதிரி இருக்கு," என்றார். அதற்குப் பிறகு அவர் கண் பானையைவிட என் கையைத்தான் அதிகம் பார்த்தது. பிரிட்ஜைத் திறக்கும்போதெல்லாம் கழுத்தை நீட்டினார். நானும் கதவை நன்றாக விரித்தே வைத்தேன்.

மிளகாய்த் தூள் போட்டபோது நெடி ஏறிற்று. லீவில் வீட்டிலிருந்த என் மகள் உள்ளறையில் இருமினாள். நான் கரண்டியோடு திரும்புவதற்குள் ஓனரம்மா எழுந்து அடுப்படி ஜன்னலை முழுக்கத் திறந்துவிட்டிருந்தார். இருமல் நின்றது. பெண்ணுக்கு என்ன என்று கேட்டார். அதுவரை நான் சொல்லியிருக்கவில்லை. நோய் இருக்கிற வீடு என்றால் அதற்கும் ஒரு காரணம் சொல்லிவிடுவார்களோ என்ற பயம். அன்று பட்டறையையும், பெயிண்ட் நெடியையும், அவள் கையைக் காட்டுவதையும் சொன்னேன். அவர் பானையைப் பார்த்தபடியே கேட்டார். வெங்காயத்தைக் கிளறு, அடி பிடிக்குது என்று மட்டும் சொன்னார்.

தம் இறக்கி மூடியைத் தூக்கப் போனேன்.

"வேணாம்மா, மூடியே இருக்கட்டும். பாத்துட்டேன்."

என் மனசு அவ்வளவு சீக்கிரம் நம்பவில்லை. இன்றைக்குப் பார்த்தாயிற்று, நாளைக்கு என்ன நினைப்பாரோ. அதையே கேட்டும்விட்டேன், அம்மா, நாங்க இருக்கலாமா என்று.

படியில் ஒரு காலை வைத்துக்கொண்டு திரும்பினார். "இருங்க. ஆனா இந்த வாசனை எனக்கு ஆகல. பொண்ணுக்காக நீ ஜன்னலத் தொறந்தே வை. நான் கீழ என் ஜன்னல சாத்திக்கறேன்."

இன்றைக்கும் வெள்ளிக்கிழமையானால் அப்படித்தான். அவர் எங்களை முழுசாக நம்பிவிட்டாரா, இல்லை விட்டுத்தொலைக்கிறாரா, எனக்குத் தெரியாது. துணி காயப்போட இன்னும் அதே நடைதான் நடக்கிறார். நான் எண்ணெயில் பட்டையைப் போட்டுவிட்டுக் காத்திருப்பேன். கீழே பூஜை ரூம் ஜன்னல் சாத்துகிற சத்தம் கேட்கும். அதற்குப் பிறகுதான் புதினாவைப் போடுவேன்.