காதில் சொல்ல மறுத்த பேச்சு

மலைமேல் இருக்கும் எங்கள் புதூர்நாட்டில் முதன்முதலாக ரேடியோ பழுது பார்க்கும் கடை போட்டவன் நான்தான். நாலாம் வகுப்போடு என் படிப்பு முடிந்துவிட்டது. வாணியம்பாடியில் ஒரு பாய் கடையில் பெருக்கிக்கொண்டே, அவர் கழற்றுவதையும் பற்றவைப்பதையும் பார்த்துப் பார்த்துத் தொழிலைக் கற்றேன். எழுபதுகளின் கடைசியில் மலைக்குத் திரும்பிக் கடை வைத்தபோது சிரிக்காத ஆள் இல்லை. கொஞ்ச காலத்திலேயே சுற்றுவட்டாரத்தில் எந்த வீட்டில் ரேடியோ பாடினாலும் அதற்குள் என் கை பட்டிருந்தது. பெருமைக்குச் சொல்லவில்லை என்று சொல்ல மாட்டேன். பெருமைதான்.

எண்பதுகளின் தொடக்கத்தில் ஒருநாள் உதிரிச் சாமான் வாங்கப் போனபோது பாய் ஒரு நோட்டீஸை நீட்டினார். வேலூரில் ரேடியோ மெக்கானிக்குகள் சேர்ந்து மாநாடு நடத்துகிறார்களாம். யார் வேண்டுமானாலும் மேடையேறித் தொழிலில் தான் கண்டுபிடித்ததைப் பேசலாமாம். என்ன பேசப்போகிறோம் என்பதை மட்டும் முன்கூட்டியே ஒரு பக்கம் எழுதி அனுப்ப வேண்டும். செயலாளர் படித்துப் பார்த்து முடிவு செய்வார்.

"எழுதிப் போடுபா. மலையில நீ பட்ற பாடு இவனுங்க எவனுக்குத் தெரியும்?" என்றார் பாய்.

அந்த மேடை மேல் எனக்கு ஆசை வந்துவிட்டது. மலைக்காரன் புளிமூட்டை தூக்கத்தான் லாயக்கு என்று நினைக்கிறவர்கள் நடுவே ஒருநாள் மைக் பிடித்து நிற்க வேண்டும்.

ஆனால் முன்கூட்டி எழுதுவதா? எங்கள் ஊர்க்கூட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. விஷயம் இருப்பவன் தோள் துண்டை எடுத்துக் கூட்டத்தின் முன்னால் விரித்துப் போட்டுவிட்டு நிற்பான். எல்லாரும் ஒன்றாகக் கேட்பார்கள். முந்தின நாளே எந்தப் பெரிய மனுஷன் வீட்டுக்காவது போய்த் தனியாகச் சொல்லிவைத்தான் என்று தெரிந்தால் போச்சு. ஆளைக் கையில் போட்டுக்கொள்ளப் பார்த்தான் என்று அவன் பேச்சையே எடுக்கமாட்டார்கள். அப்படி வளர்ந்தவன், ஒரு செயலாளருக்கு மட்டும் முதலில் ஓதுவேனா? ஊரையும் தொழிலையும் எழுதி, 'பேச வருகிறேன், விஷயத்தைச் சபையில் சொல்கிறேன்' என்று மரியாதையாகத்தான் போட்டேன்.

கார்டில் பதில் வந்தது: விவரம் இல்லாததால் தங்கள் பேச்சை ஏற்க இயலவில்லை.

விவரம் இல்லையாம்! யாருக்கு? மாநாட்டன்று ஜீப்பில் தொங்கிக்கொண்டு மலை இறங்கி, பஸ் பிடித்து, வேலூர் மண்டப வாசலில் போய் நின்றேன். பாய் எனக்கு முன்பே வந்திருந்தார். செயலாளரும் வாசலிலேயே இருந்தார்; டவுனில் பெரிய கடை வைத்திருப்பவர்.

"இன்னா பேசப் போறீங்கன்னே எழுதலியே. நான் எப்டிங்க மேடை தர்றது?" என்றார்.

"ஏத்தி வுடுங்க சார், சொல்றேன்."

"நீங்க பாட்டுக்கு ஏறி மாடு கன்னு கத பேசிட்டா?"

"மாடு கன்னு கத பேசவா இம்மாந்தூரம் வந்தேன்?"

பாய் நடுவில் புகுந்தார். "நல்ல வேலக்காரன் சார். நான் கியாரண்டி."

செயலாளர் கொஞ்சம் இறங்கினார். "சரி, ரெண்டே வரி என் காதுல சொல்லுங்க. சாப்பாட்டுக்கு அப்புறம் பத்து நிமிஷம் தர்றேன்."

வார்த்தை நாக்கு நுனிவரை வந்துவிட்டது. சொல்லியிருந்தால் மைக் என் கையில். "சபையில சொல்றத காதுல சொல்றதில்ல சார்" என்றேன். பாய் தலையில் அடித்துக்கொண்டார்.

சாப்பாட்டுக்குப் பிறகு மேடை காலியாக இருந்த நேரம் பார்த்து, முன்னால் போய்த் துண்டை விரித்துப் போட்டு நின்றேன். முன்வரிசையில் ஒருவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு எட்டணாவைத் துண்டில் போட்டார். பக்கத்தில் இருந்தவரும் பாவம் பார்த்துச் சட்டைப்பையைத் துழாவினார். உடம்பெல்லாம் எரிந்தது. சொந்தக் கடை வைத்து நாலு பேருக்குச் சோறு போடுகிறவன் நான்! காசைப் போட்டவர் கையிலேயே திணித்துவிட்டு, துண்டை உதறிக்கொண்டு வெளியே வந்தேன்.

சைக்கிள் ஸ்டாண்டில் நின்று பாயிடம் கத்தினேன். சத்தம் கேட்டு ஒடுகத்தூர் மெக்கானிக் ஒருவர் வந்தார்.

"அப்டி இன்னாதாண்ணே சொல்ல வந்த?"

"ஒருத்தருக்குச் சொல்ல மாட்டேன்."

அவர் சிரித்துக்கொண்டே போய், டீ குடித்துக்கொண்டிருந்தவர்களை இழுத்து வந்தார். "வாங்கபா, கும்பல் சேந்தாதான் மலைக்காரர் வாயத் தொறப்பாராம்!"

பத்துப் பன்னிரண்டு பேர் சேர்ந்தார்கள். எனக்கு அது போதும். சொன்னேன். மலையில் 'ரேடியோ செத்துப்போச்சு' என்று வருகிற பெட்டிகளில் பாதிக்கு ஒரு நோயும் கிடையாது. வீடு பள்ளத்தில் இருக்கும்; ஸ்டேஷனை மலை மறைத்துக்கொண்டு நிற்கும். பெட்டியைப் பிரிக்காதே. பாடவிட்டபடி வீடு முழுக்க நட, அங்கங்கே நின்று திருப்பிப் பார். சத்தம் தெளிகிற இடத்தில் சுவரில் சுண்ணாம்புக் குறி போட்டு, அங்கேயே பெட்டி வைக்கப் பலகை அடித்துக் கொடு.

"அப்ப ரிப்பேர் கூலி?" என்று ஒருவர் கேட்டார்.

"நடந்ததுக்குக் கூலி!" என்றேன். ஸ்டாண்டே சிரித்தது.

பின்னால் செயலாளர் நின்றிருந்தார். "இத மொதல்லியே எழுதியிருந்தா மேடையே குடுத்திருப்பேனே" என்றார்.

"நாலு பேரோட நின்னு கேட்டீங்களே, இப்ப இன்னா கொறஞ்சி போச்சு சார்?" என்றேன்.

பிற்பாடு, மாநாட்டில் பேசியவர்கள் என்று ஒரு தாள் அச்சடித்துக் கடைகளுக்கு அனுப்பினார்கள். அதில் நான் இல்லை. "வுடுபா" என்றார் பாய். எப்படி விடுவது? பத்துப் பேர் வெயிலில் நின்று கேட்டது பேச்சில்லையாம்; முன்வரிசை தூங்கிவழிய மைக்கில் தாளைப் பார்த்துப் படித்தது மட்டும் பேச்சாம். அதற்குப் பிறகு எந்த மாநாட்டுக்கும் நான் எழுதிப் போடவில்லை.