கழற்றாதீர்கள் என்று எழுதி ஒட்டியவன்

நேற்று இருந்தது இன்றும் அப்படியே இருந்தால் எங்கள் தொழிலில் அதுதான் வெற்றி. அதனாலேயே எங்கள் வெற்றி யார் கண்ணிலும் படுவதில்லை.

தில்லை நகரில் ஒரு குறுக்குத் தெருவில், மாடிப்படிக்குக் கீழே என் கடை. கம்ப்யூட்டரில் வைரஸ் எடுப்பதும் காணாமல் போன ஃபைல்களைத் தேடித் தருவதும் வேலை. முன்பெல்லாம் வைரஸ் வந்தால் கம்ப்யூட்டர் மெதுவாக ஓடும், கண்ட விளம்பரமும் வரும். திட்டிக்கொண்டே எடுத்துவிடுவோம். ரான்சம்வேர் அப்படியில்லை. உங்கள் ஃபைல் ஒவ்வொன்றையும் பூட்டி வைத்துவிட்டு, சாவி வேண்டுமென்றால் பணம் அனுப்பு என்று ஒரு கடிதம் எழுதி வைத்துவிட்டுப் போகிறது. அந்தக் கடிதத்தை ஒரு முறையாவது வாசித்தவர்களுக்கு நான் அதிகம் விளக்க வேண்டாம். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

அழித்துக் கொடுத்தது

ஸ்ரீரங்கம் உத்திர வீதியில் வரதராஜன் சார் என்று ஒருவர். வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஏகாதசிக்கு மறுநாள் துவாதசியன்று அடியார்களுக்குச் சாப்பாடு போடும் ஒரு சிறிய குழுவுக்கு அவர்தான் எல்லாம். யார் பேரில், யார் நினைவாக, எந்த நட்சத்திரத்தில் என்று பதினோரு வருடப் பட்டியல் அவர் கம்ப்யூட்டரில் இருந்தது. ஒரு காலையில் அத்தனையும் பூட்டிக்கொண்டது. மிரட்டல் கடிதத்தை அவர் நிதானமாக இரண்டு தரம் படித்தார். 'எங்கள் நேர்மையை நிரூபிக்க ஒரு சின்ன ஃபைலை இலவசமாகத் திறந்து தருகிறோம்' என்று அதில் ஒரு வரி இருந்தது. "சாம்பிள் காட்டறான் பாருங்கோ, நம்ம அப்பளக் கடைக்காரன் மாதிரி" என்றார்.

இதற்குச் சாவி கிடையாது என்று நான் அடித்துச் சொன்னேன். டிஸ்க்கைச் சுத்தமாக அழித்து, புதிதாக எல்லாம் போட்டுக் கொடுத்தேன். சுறுசுறுப்பாக வேலை செய்ததாகத்தான் அன்று நினைப்பு. பத்து மாதம் கழித்து, அந்த வைரஸைச் செய்தவர்கள் எங்கோ பிடிபட்டு, சாவி இன்டர்நெட்டில் இலவசமாகவே வெளியானது. பூட்டிய ஃபைல்களை வைத்திருந்தவர்கள் ஐந்து நிமிடத்தில் திறந்துகொண்டார்கள். வரதராஜன் சாருடையதை நான் அழித்திருந்தேன். மூன்று நாள் யோசித்துவிட்டு, மறைப்பது தவறு என்று பட்டதால் நேரில் போய்ச் சொன்னேன். அது அவருக்காகவா, என் மனப் பாரத்தை இறக்கவா என்று இன்றைக்கும் எனக்குத் தெளிவில்லை. அவர் சொன்னார்: "இதை நீர் சொல்லாமலே இருந்திருக்கலாமோன்னோ."

சொருகியே இருக்கட்டும்

அதற்குப் பிறகு பூட்டிய டிஸ்க் எதையும் நான் அழிப்பதில்லை. பெயர் எழுதி பீரோவில் வைத்துவிடுகிறேன். ஆனால் ஒரு தவறைத் திருத்திக்கொண்டதும் எல்லாவற்றையும் திருத்திக்கொண்ட மாதிரி ஒரு மிதப்பு வந்துவிடுகிறது.

என் கடைக்கு இரண்டு தெரு தள்ளி, குழந்தைகளின் வலிப்பு நோய்க்கு வைத்தியம் பார்க்கும் ஒரு டாக்டரம்மாவின் கிளினிக். மணப்பாறை, துவரங்குறிச்சி, மருங்காபுரி என்று தெற்கிலிருந்து பஸ் பிடித்து வருகிறவர்கள்தான் அதிகம். எந்தப் பிள்ளைக்கு எந்த மாத்திரை, எத்தனை மில்லிகிராம், எது ஒத்துக்கொண்டது, எது ஒத்துக்கொள்ளவில்லை என்று பதினைந்து வருடக் குறிப்பு ஒரே கம்ப்யூட்டரில். அதற்கு இன்னொரு பிரதி இருக்க வேண்டும் என்று ஒரு வெளி டிஸ்க் வாங்கிக் கொடுத்தேன். வரவேற்பில் உட்காரும் மும்தாஜ் சில நாள் அதைச் சொருக மறந்துபோவார். "எதுக்குக் கழற்றணும்? சொருகியே இருக்கட்டும், தானா பிரதி எடுத்துக்கும்" என்று சொல்லி, டிஸ்க்கின் மேல் 'கழற்றாதீர்கள்' என்று எழுதி ஒட்டியும் விட்டேன். வெறும் வைரஸ் காலத்தில் அது நல்ல யோசனை. ரான்சம்வேர் வந்த பிறகு அது எவ்வளவு மோசமான யோசனை என்று எனக்குத் தெரியும். தெரிந்தும், அந்தக் காகிதத்தைப் போய்க் கிழிக்க வேண்டும் என்று தோன்றவில்லை.

ஒரு திங்கட்கிழமை மும்தாஜ் போன் செய்தார். லேப் ரிப்போர்ட் என்று வந்த மெயிலைத் திறந்திருக்கிறார். நான் போனபோது கம்ப்யூட்டரில் இருந்தது எல்லாம் பூட்டியிருந்தது. சொருகியிருந்த டிஸ்க்கில் இருந்த பிரதியும் பூட்டியிருந்தது. டாக்டரம்மா பணம் கொடுக்கவும் தயார். ஆனால் கடிதத்தில் இருந்த முகவரிக்கு எழுதிய மெயில் எல்லாம் அப்படியே திரும்பி வந்தது. மும்தாஜ் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து முந்தானையைச் சுருட்டிக்கொண்டே இருந்தார். டிஸ்க்கின் மேல் என் கையெழுத்து அழுக்குப் படியாமல் இருந்தது. தினம் துடைத்திருக்கிறார்கள். "நீங்க எழுதி ஒட்டினதை நாங்க ஒரு நாள்கூட மீறலை சார்" என்றார் மும்தாஜ்.

பைக்குள் இல்லாத ஒரு சீட்டு

டாக்டரம்மா என்னிடம் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். வருகிறவர்கள் எல்லோரும் வீட்டில் இருக்கும் பழைய மருந்துச் சீட்டுகளைக் கொண்டுவர வேண்டும் என்று மும்தாஜை விட்டுச் சொல்லச் சொன்னார். நான் ஒரு மேஜையில் உட்கார்ந்து அவற்றைத் திரும்பத் தட்டச்சு செய்தேன். எண்ணெய்க் கறையோடு வந்தன, மடித்த இடத்தில் கிழிந்து வந்தன. காட்டூரிலிருந்து வந்த ஒரு அப்பா அத்தனை சீட்டையும் லேமினேஷன் செய்து வைத்திருந்தார். "ரேஷன் கார்டுக்குப் போட்டப்ப சேர்த்துப் போட்டுட்டேன்" என்றார்.

மருங்காபுரிப் பக்கத்திலிருந்து செல்வராணி வந்தார். நூறு நாள் வேலைக்கும் கடலை பறிக்கவும் போகிறவர். மகள் பவித்ராவுக்கு எட்டு வயது. ஜவுளிக் கடைப் பையில், முதல் நாளிலிருந்து வாங்கிய சீட்டுகளைத் தேதி வாரியாக நூலில் கோத்து வைத்திருந்தார். அவ்வளவு ஒழுங்கை நான் எந்த அலுவலகத்திலும் பார்த்ததில்லை. அந்தப் பிள்ளைக்கு அப்போதுதான் வலிப்பு மறுபடி அடிக்கடி வர ஆரம்பித்திருந்தது. மருந்தை மாற்றியாக வேண்டும். மாற்றுவதற்கு இருந்தவை இரண்டே மருந்துகள். அதில் ஒன்றை நான்கு வருடத்துக்கு முன் கொடுத்துப் பார்த்து, உடம்பெல்லாம் தடித்து, வாயெல்லாம் புண்ணாகி, உயிருக்குப் பயந்து நிறுத்தியிருக்கிறார்கள். திரும்பக் கொடுத்தால் பிழைப்பது கஷ்டம். எந்த ஒன்று என்பதுதான் தெரியவில்லை. "வெள்ள மாத்திர, நடுவுல ஒரு கோடு இருக்கும்" என்றார் செல்வராணி. இரண்டுமே வெள்ளை. இரண்டிலும் கோடு.

பையில் அந்தச் சீட்டு மட்டும் இல்லை. டாக்டரம்மாவிடம் ஒரு வழக்கம் உண்டு. ஆகாத மருந்தின் சீட்டை வாங்கிக் கிழித்துவிடுவார். யாராவது மறந்துபோய் அதைக் காட்டி மெடிக்கலில் திரும்ப வாங்கிவிடக் கூடாது என்று. அன்றைக்குப் புதுச் சீட்டும் எழுதவில்லை, பழைய மாத்திரையையே தொடரச் சொல்லிவிட்டார். அப்போதிருந்த மெடிக்கலும் இப்போது இல்லை. நூலில் கோத்த சீட்டுகளை இரண்டு முறை தள்ளிப் பார்த்துவிட்டு, கண்ணாடியைக் கழற்றி வைத்தார் டாக்டரம்மா. என்னைப் பார்க்காமல் சொன்னார்: "கிழிச்சது நான்தான். அதான் கம்ப்யூட்டர்ல இருக்கேன்னு கிழிச்சேன்."

எந்த ஊர் ஏகாதசி

சமாளிக்க ஒரு வாரத்துக்கு மருந்து கொடுத்து அனுப்பினார். எனக்கும் அந்த ஒரு வாரம்தான்.

இந்த வகை வைரஸுக்கு அவசரம் அதிகம். பெரிய ஃபைல் என்றால் தலைப் பக்கத்தை மட்டும் பூட்டிவிட்டு அடுத்ததற்கு ஓடிவிடும். கிளினிக்கின் குறிப்புகள் எல்லாம் ஒரே பெரிய ஃபைல். அதன் தலையில் பெயர்கள் இருந்தன, அவை போய்விட்டன. வாலில் குறிப்புகள் உடைந்தும் சிதறியும் கிடந்தன. நான்கு நாள் குப்பை எழுத்துகளுக்கு நடுவே தேடினேன். 'தடிப்பு, வாய்ப்புண், நிறுத்தியாயிற்று' என்று பொருள்படும் குறிப்புகள் மூன்று கிடைத்தன. ஒவ்வொன்றிலும் தேதியும் எடையும் மருந்தின் பெயரும் உண்டு. பிள்ளையின் பெயர் இல்லை. ஒன்றில் இருபத்திரண்டு கிலோ, அது பவித்ரா இல்லை. மற்ற இரண்டும் ஏறக்குறைய ஒரு மாத இடைவெளியில், இரண்டிலும் பதின்மூன்று கிலோ. ஒன்றில் ஒரு மருந்து, மற்றதில் அடுத்தது.

செல்வராணிக்குப் போன் செய்து, அந்த மருந்தை நிறுத்தியது எந்த நாள் என்று ஏதாவது நினைவு இருக்கிறதா என்று கேட்டேன். "மறக்குமா சார்? பெரிய பஸ் ஸ்டாண்டுல இறங்குனா, சொர்க்கவாசல் கூட்டம். சத்திரம், ஸ்ரீரங்கம் போற பஸ் எதுலயும் கால் வைக்க முடியல. புள்ளயத் தோள்ல போட்டுக்கிட்டு தில்லை நகர் வரைக்கும் நடந்தேன்" என்றார். அந்த வருட வைகுண்ட ஏகாதசியை இன்டர்நெட்டில் பார்த்தேன். மார்கழியில் வந்திருந்தது. இரண்டு குறிப்புகளில் ஒன்று அதற்கு மறுநாள் தேதியில் இருந்தது. டாக்டரம்மா மறுநாள் உட்கார்ந்து பதிந்திருப்பார் என்று முடிவு செய்துகொண்டேன். ஒரு நாள் வித்தியாசத்தை நானே சரிக்கட்டிவிட்டேன். கண்டுபிடித்தாயிற்று என்ற சந்தோஷத்தோடு கிளினிக்குக்குப் போய் மும்தாஜிடம் சொன்னேன். "மறுநாளா? டாக்டரம்மா அன்னன்னிக்குப் போடாம எழுந்திருக்கவே மாட்டாங்களே சார்" என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டு, அடுத்த டோக்கனைக் கூப்பிடப் போய்விட்டார்.

வாசலில் வந்து நின்றுகொண்டேன். வேறு யாரைக் கேட்பது என்று தெரியாமல், நான்கு வருடமாகப் பேசாத வரதராஜன் சாருக்குப் போன் செய்து, இன்ன வருடம் ஏகாதசி என்றைக்கு என்று கேட்டேன். "எந்த க்ஷேத்ரத்து ஏகாதசி?" என்றார். எனக்குப் புரியவில்லை. "சில வருஷம் ஸ்ரீரங்கத்துல மட்டும் முன்னாடியே வந்துடும், ஓய். அந்த வருஷம் ஊருக்கெல்லாம் மார்கழி, எங்க பெருமாளுக்குக் கார்த்திகையிலேயே ஆயிடுத்து" என்று தேதியைச் சொன்னார். கையிலிருந்த தாளைப் பார்த்தேன். இன்னொரு குறிப்பு. அதே தேதி, ஒரு நாள்கூடத் தள்ளாமல். அதில் இருந்தது மற்ற மருந்து. எதற்குக் கேட்டேன் என்று அவரிடம் சொன்னேன். கேட்டுக்கொண்டார். "என் லிஸ்ட்டை அழிச்சுட்டு என்கிட்டயே தேதி கேக்கறீர்" என்றார், பிறகு, "சரி, குழந்தைக்கு எப்படி இருக்குன்னு நாளைக்குச் சொல்லும்."

சிவப்பு மையில்

மறுநாள் செல்வராணி பிள்ளையோடும் பையோடும் வந்தபோது, டாக்டரம்மாவிடம் இரண்டு தாளையும் வைத்தேன். முதலில் நான் எதைச் சொல்ல இருந்தேன் என்பதையும் சொன்னேன். அவர் எடையை, தேதியை, பையில் இருந்த முன்பின் சீட்டுகளோடு வைத்துப் பார்த்தார். செல்வராணியைக் கூப்பிட்டுத் தடிப்பு எங்கே தொடங்கியது என்று கேட்டார். "காதுக்குப் பின்னாடி" என்றார் அவர். குறிப்பிலும் அப்படியே இருந்தது. அதை நான் படித்தும் கேட்கத் தோன்றாதது எனக்கு இன்றும் உறுத்துகிறது. ஆகாத மருந்தின் பெயரைச் சிவப்பு மையில் ஒரு சீட்டில் எழுதி, நூலில் முதலாவதாகக் கோக்கச் சொன்னார் டாக்டரம்மா. மற்ற மருந்தைப் பாதி மாத்திரையில் தொடங்கினார்கள். அன்று போன் செய்து வரதராஜன் சாரிடம் அவ்வளவுதான் சொல்ல முடிந்தது.

ஒன்றரை மாதம் கழித்து செல்வராணி வந்திருந்தார். பவித்ரா கிளினிக்கின் மீன் தொட்டியில் விரலால் தட்டிக்கொண்டிருந்தாள். தடிப்பு இல்லை, மூன்று வாரமாக வலிப்பும் இல்லை. செல்வராணி எனக்கு நன்றி சொல்ல வந்தார். அதை வாங்கிக்கொள்ள முடியாமல், அந்தக் காகிதத்தை எழுதி ஒட்டியவன் நான்தான், என் பேச்சை நம்பித்தான் இவர்களுக்கு எல்லாம் போனது என்று சொல்லிவிட்டேன். மறுபடியும் என் பாரத்தைத்தான் இறக்கினேனோ என்னவோ. அவர் பையை மடியில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்தார். பிறகு சொன்னார்: "அப்ப நீங்க சொன்னத நம்பி அவங்க வச்சாங்க. இப்ப நீங்க பாத்துச் சொன்னத நம்பித்தான் நான் தெனம் காலையில மாத்திர குடுக்குறேன். சரியாத்தான சார் பாத்தீங்க?"

சரியாகத்தான் பார்த்தேன் என்று சொல்லிவிட்டு வந்து இன்னும் அந்தத் தேதியை வாரம் ஒரு முறை எடுத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். இருபத்தைந்து வருடத்தில் எத்தனையோ வைரஸை எடுத்துப் போட்டிருக்கிறேன், நான் சொன்னால் சரியாக இருக்கும் என்று எனக்கே வந்து ஒட்டிக்கொள்கிற நம்பிக்கைக்குத்தான் இன்னும் மருந்து கிடைக்கவில்லை.