சப்பாத்தும் தும்புத்தடியும்

நான் ஐந்தாம் வகுப்போடு படிப்பை விட்டவள். எழுத்து கோணல்மாணலாக வரும். நேற்று நடந்ததும் போன வருடம் நடந்ததும் ஒன்றோடொன்று கலந்துபோகும். வாசிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

எனக்குச் சர்க்கரை வியாதி. ஒருமுறை ஊசியின் இலக்கத்தைப் பிழையாகப் பார்த்து, இன்சுலினைக் கூடுதலாகக் குத்திக்கொண்டு மயங்கி விழுந்தேன். அதன் பிறகு காலையில் ஒரு நேர்ஸ் வீட்டுக்கு வந்து ஊசி போடுகிறாள். புதுச்சேரிப் பிள்ளை. இந்தப் பிரெஞ்சு நகரத்துக்கு வெளியே செவ்ரானில் ரயிலேறி, கார் து நோர் ஸ்டேஷனில் இறங்கி, நான் இருக்கிற லா சப்பலுக்கு நடந்து வருவாள். வாசலிலேயே சப்பாத்தைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வருவாள். என்னவோ நான் வளர்த்த பிள்ளை மாதிரி, பக்கத்து வீட்டுக்காரியிடம் சொல்லிச் சொல்லிப் பெருமைப்பட்டேன்.

இடையில் இரண்டு கிழமை, பதினாலு நாள் போல, அவள் வரவில்லை. வேறொருவர் வந்து போட்டார். திரும்பி வந்தவள் சப்பாத்தோடு உள்ளே வந்தாள். அடுத்த நாளும் அப்படித்தான்.

கேட்க எனக்கு வாய் வராது. கடையில் அழுகின தக்காளியைத் தந்தாலும் நன்றி சொல்லி வாங்கி வருகிற ஆள் நான். ஆகவே தும்புத்தடியால் கேட்பது என்று முடிவெடுத்தேன். அவள் நடந்த இடமெல்லாம் பின்னாலேயே தூசி கூட்டிக்கொண்டு போனேன். அவள் குனிந்து பையைத் திறக்கும்போது, விளங்கட்டும் என்று தடியைக் கொஞ்சம் உயர்த்தித் தரையில் தட்டினேன்.

திரும்பியவள் இரண்டு கையாலும் தலையைப் பொத்திக்கொண்டு சுவரோடு ஒட்டி நின்றாள்.

என்னைப் பார்த்து என் பிள்ளைகள் பயந்ததில்லை. வளர்த்த கோழிகூடப் பயந்ததில்லை. சொல்ல வெட்கமாக இருக்கிறது, எனக்குப் பின்னால் யாரோ நிற்கிறார்கள் என்று நானும் திரும்பிப் பார்த்தேன்.

"ஐயோ பிள்ளை, நான் கூட்டுறன்."

"தெரியும்மா," என்றாள். தலையில் வைத்த கையை இன்னும் இறக்கவில்லை. "எனக்குத் தெரியுது. உடம்புக்குத்தான் தெரியல."

இருத்தித் தேத்தண்ணீர் கொடுத்தேன். மெதுவாகச் சொன்னாள். இரண்டு தெரு தள்ளி ஒரு வீடு. என் நாட்டு ஆட்கள்தான். அந்த வீட்டுத் தகப்பனின் புண்ணுக்கு மருந்து கட்டப் போனவள், ரயில் பிந்தியதால் பிந்திப் போயிருக்கிறாள். மகன்காரன் கத்தி, கன்னத்தில் அறைந்து, பிடித்துத் தள்ளியிருக்கிறான். நாலு மாடி இறங்கி வெறுங்காலோடு தெருவுக்கு ஓடியிருக்கிறாள்.

"மரியாதைக்குக் கழட்டி வச்சேன்மா. ஓடறப்ப தேட முடியல."

அந்த மரியாதையைத்தானே நானும் தடியோடு கேட்டுக்கொண்டிருந்தேன்.

"இப்பல்லாம் பின்னால யாராவது நடந்தாலே தூக்கிவாரிப் போடுது. தூக்கமே இல்ல. இந்த மாசத்தோட வீடு வீடா போறத விட்டுடலாம்னு இருக்கேன்."

நல்ல மனுஷியாக இருந்தால் ஆறுதல் சொல்லியிருப்பாள். நான் கேட்டது: "அப்ப எனக்கு ஆர் ஊசி போடுறது?"

சொன்ன பிறகுதான் அது என் காதில் விழுந்தது. அவள் என்னையே பார்த்தாள். பிறகு அழுதுகொண்டே சிரித்தாள்.

"உங்களுக்கு உங்க சக்கரைதான் கவலை."

"ஓம் பிள்ளை. சர்க்கரை வருத்தக்காரிக்கு வேற என்ன யோசனை வரும்? என்ன செய்தா இஞ்சை உங்களுக்குப் பயமில்லாமல் இருக்கும்?"

வாசல் பக்கம் பார்த்தாள். "கதவு திறந்திருந்தா நல்லாருக்கும்மா."

இப்போது காலையில் கதவை அகலத் திறந்து, வாசலோரம் கதிரையைப் போட்டு உட்கார்ந்திருக்கிறேன். ஊசி போடுவது வயிற்றில். டாக்குத்தருக்கே வயிற்றைக் காட்டக் கூசுகிறவள் நான். படியிறங்கிப் போகிற சனமெல்லாம் என் வயிற்றுக்குப் 'போன்ஜூர்' சொல்லிவிட்டுப் போகிறது. சப்பாத்து அவள் காலிலேயே இருக்கிறது. அவள் போன பிறகுதான் கூட்டுகிறேன்.

அவள் சொன்ன மாசம் முடிந்துவிட்டது. இன்னும் வருகிறாள். "அடுத்த மாசம் பாக்கலாம்மா" என்கிறாள். பின்னால் காலடி கேட்டால் சில நாள் திடுக்கிடுகிறாள், சில நாள் இல்லை.

நாலு மாடியா ஐந்தா, அவள் வராதது இரண்டு கிழமையா மூன்றா என்று எனக்கு நிச்சயமில்லை. அவளைத் தெரிந்தவர்கள் யாராவது கேட்டுத் திருத்திவிடுங்கள். முன்னால் போய் நின்று கேளுங்கள்.