வடக்குத் தெருவுக்கு வந்த நீர்மாலை

திருச்சுழிப் பக்கத்து ஊர்களுக்குத் தண்ணீர் திறந்துவிடும் மென்பொருள் எழுதுவதுதான் என் பிழைப்பு. "அங்க தண்ணியே கிடையாதே, அதுக்கு எதுக்கு சாப்ட்வேரு?" என்று அருப்புக்கோட்டையில் கேட்காத ஆள் இல்லை. இல்லாத இடத்தில்தான் கணக்கு வேண்டும் என்று சொல்லிச் சொல்லி வாய் வலித்ததுதான் மிச்சம். எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் நிற்கும்.

அதில் ஓர் ஊரில் கூட்டுக் குடிநீர் மேல்நிலைத் தொட்டியில் ஏறி, தெருவுக்கு ஒரு நாள் என்று முறை வைத்து இறங்கும். முறையைக் கவனிப்பது டேங்க் ஆப்பரேட்டர் அக்கா. வேண்டியவர்களுக்குக் கூடுதலாக விடுகிறார் என்று யாரோ மனுப் போட, கைப்பிடி வால்வுகளை எடுத்துவிட்டு மின் வால்வு வைத்தார்கள். முறையை மாற்ற வேண்டுமானால் அதிகாரியின் போனுக்கு வரும் ஓடிபி வேண்டும். அப்படித்தான் கேட்டார்கள், அப்படியே எழுதிக் கொடுத்தேன். பூட்டு நன்றாகத்தான் வேலை செய்தது.

தொட்டியில் சென்சாரைச் சரிபார்க்க நான் போயிருந்த அன்று, தெற்குத் தெருவில் ஒரு சாவு. வெயில் தாழ எடுப்பதாக இருந்தார்கள். அதற்கு முன் நீர்மாலை எடுக்க வேண்டும். தலைக்கு மேலே வெள்ளை வேட்டி பிடித்துக்கொண்டு, கொட்டோடு போய், பிள்ளைகள் குடத்தில் எடுத்துவரும் தண்ணீரில்தான் உடலைக் குளிப்பாட்டுவார்கள். வீட்டில் பிடித்து வைத்த தண்ணீர் அதற்கு ஆகாது. கண்மாய் காய்ந்து கிடப்பதால் இப்போதெல்லாம் தெருக்குழாய்க்குத்தான் போகிறார்கள். சாவு விழுந்தால் அந்தத் தெருவுக்கு அக்கா கொஞ்ச நேரம் திறந்துவிடுவது வழக்கம். இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. ஊருக்கே தெரிந்ததை யார் எடுத்துச் சொல்வார்கள்?

அன்று முறை வடக்குத் தெருவுக்கு. அதிகாரி விருதுநகரில் ஏதோ கூட்டத்தில் இருந்தார், போன் அணைந்திருந்தது. நான் விடாமல் அடித்துக்கொண்டே இருந்தேன். இறந்தவரின் மகன் வெறுங்குடத்தோடு தொட்டியடிக்கே வந்துவிட்டார். சத்தம் போடவில்லை.

"எங்கப்பாவக் குளிப்பாட்டாம எப்படிம்மா அனுப்புறது?" என்று மட்டும் கேட்டார்.

நான் எழுதிய பூட்டை நானே திறக்க முடியாத ஆத்திரத்தில் எனக்கு அழுகை வந்தது.

அக்கா என்னைத் தேற்றிக்கொண்டு நிற்கவில்லை. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு வடக்குத் தெருவைப் பார்த்து நடந்தார். நானும் பின்னாலேயே ஓடினேன். அந்த இரண்டு தெருவும் ஒன்றுக்கொன்று நல்லது கெட்டதுக்குப் போகிறவை அல்ல. ஒரு தெருவின் நீர்மாலை இன்னொரு தெருவுக்குள் வந்ததே இல்லை. குழாயடியில் குடங்கள் வரிசை கட்டி நின்றன. அக்கா கெஞ்சவும் இல்லை, அதட்டவும் இல்லை.

"தண்ணி இங்க வருது, சாவு அங்க விழுந்திருக்கு. அவுக இங்க வரலாமா, கூடாதா? ஒரு வார்த்தை சொல்லுங்க, போயிச் சொல்லிர்றேன்."

பெரியவர் ஒருவர் பழைய வழக்கத்தை இழுத்தார். அவர் பேசி முடிப்பதற்குள் ஒரு பெண் தன் குடத்தைத் தூக்கி ஓரமாக வைத்தாள். அடுத்தவளும் தூக்கினாள். அக்கா சொல்லியனுப்பி, கொட்டுச் சத்தம் தெருவுக்குள் நுழைந்தபோது குழாயடி காலியாக இருந்தது. மகன் குடத்தை வைத்தார், தண்ணீர் விழுந்தது. அந்தப் பெரியவரும் தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டார். நான் அக்காவையே பார்த்துக்கொண்டு நின்றேன். ஊரே கேட்கத் தயங்கியதை நடுத்தெருவில் நின்று கேட்க என்ன தைரியம் வேண்டும்! எனக்கு அது வராது.

அதன் பிறகு அலுவலகத்தில் சண்டை போட்டு, ஓடிபி இல்லாமல் அவசரத்துக்குத் திறக்கும் பட்டன் ஒன்றைச் சேர்த்து, அக்காவின் போனில் பெருமையாகக் காட்டினேன். நல்லாயிருக்கு என்றார்.

சில மாதம் கழித்து வடக்குத் தெருவில் அந்தத் துண்டுக்காரப் பெரியவர் இறந்துபோனார். அன்று முறை தெற்குத் தெருவுக்கு. செய்தி தெரிந்ததும் நானே அக்காவை அழைத்து, பட்டனை அமுக்குங்கள் என்றேன்.

"எதுக்கும்மா?" என்றார் அக்கா. "தெக்குத் தெரு ஆளுக காலையிலேயே குழாயடியக் கூட்டித் தெளிச்சு வச்சிட்டு, நீர்மாலை எப்ப வருதுன்னு கேட்டுக்கிட்டு நிக்கிறாக."