நோட்டீஸுக்கு என்ன கூலி

போன வாரம் ஒருவர் தொலைபேசியில் கேட்டார். "மேடம், ஒரு பக்கத்துக்கு எவ்வளவு எதிர்பார்க்கறீங்க?" தலை நரைத்துவிட்டது, எழுதிக் குவித்தாகிவிட்டது, இன்னும் அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. யோசித்துச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன். அப்புறம் யோசிக்கவில்லை. கள்ளக்குறிச்சியை நினைத்துக்கொண்டிருந்தேன்.

இடஒதுக்கீட்டுப் போராட்டம் நடந்த வருஷங்கள் அவை. நான் கல்யாணமாகி வந்த புதிது. பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஓர் அச்சகம் இருந்தது. அதை நடத்திய அக்காவுக்கு அச்சு எழுத்துக் கோக்கத் தெரியும், சொந்தமாக எழுதத் தெரியாது. கல்யாணத்தில் சிநேகிதர்கள் அச்சடித்துப் படிக்கும் வாழ்த்து மடலுக்கு ஆள் தேடினாள். நான் எழுதினேன். பந்தலில் யாரோ ஒருவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு என் வரிகளைப் படிக்கும்போது உடம்பு சிலிர்க்கும். கூலி மட்டும் வராது. வெற்றிலை, பாக்கு, மஞ்சள், அதன்மேல் ஒரு ரவிக்கைத் துணி என்று தட்டு வரும்.

மரியாதைதான். மங்கலமாக எழுதின பெண்ணின் கையில் ரூபாய் நோட்டை வைக்க அவர்களுக்கு மனம் வராது. அதே கல்யாணத்துக்குப் பேனர் எழுதிய ஆண் காசை வாங்கி மடியில் செருகிக்கொண்டு போவான். எனக்குப் பெட்டி நிறையத் துணி. ஒன்றாவது என் அளவுக்குப் போதுமா என்றால், கை வைக்கப் பற்றாது.

என் வீட்டுக்காரரின் அண்ணன் ஜவுளிக்கடை வைத்திருந்தார். ஒரு நாள் தட்டோடு வந்த துணியை எடுத்து விரித்துப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"இது நம்ம கடத் துணி. ரெண்டு வருஷமா போவாம கெடந்துச்சி. கடசில நம்ம வூட்டுக்கே வந்துடுச்சி பாரு."

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரிப்பு அடங்கியதும் அவர் சொன்னார்: "தீபாவளி யாவாரம் ஆரம்பிக்கறதுக்குள்ள எழுத்துல காசுன்னு எதனா வந்தா எழுதிக்கினு இரு. இல்லன்னா கடைக்கு வந்து பில்லு போடு. சும்மா பேப்பரக் கிறுக்கிக்கினு இருந்தா எப்படி?"

அவர் பொல்லாதவர் இல்லை. அவர் கேட்டது நியாயமாகத்தான் பட்டது. அதுதான் என்னைக் கலக்கியது.

காசு கேட்பதென்றால் எதற்குக் கேட்பது? வரிக்கா? வரிக்கு என்றால், "நாலு வரியக் கொறைச்சிக்கம்மா" என்பார்கள். பக்கத்துக்கா? ஒரே பக்கத்தில் ஊரையே அடைக்கச் சொல்வார்கள். நேரத்துக்கா? ஒரு சொல்லுக்காக மத்தியானம் முழுக்க நான் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதை எந்தக் கணக்கில் எழுதுவது? நெல்லுக்கு மரக்கால் உண்டு. மல்லிகைக்கு முழம் உண்டு. இதற்கு என்ன உண்டு?

அந்தச் சமயத்தில்தான் சாலையில் மரங்கள் விழுந்தன. புளியமரங்களை வெட்டிக் குறுக்கே போட்டிருந்தார்கள். பேருந்து இல்லை. ஊர் திடீரென்று காது அடைத்ததுபோல் ஆகிவிட்டது. போராட்டக் குழுவில் இருந்த ஒருவர், என் வீட்டுக்காரருக்கு மாமன் முறை, அச்சகத்துக்கு வந்தார்.

"மருமவளே, ஒரு நோட்டீஸ் எழுதிக் குடு. படிச்சா நெஞ்சு பத்திக்கினு எரியணும். ரோட்டுல ஒரு சக்கரம் உருளக் கூடாது."

எழுதினேன். நிறையப் படித்தும் வேலையில்லாமல் கிடந்த என் தம்பியை நினைத்துக்கொண்டு எழுதினேன். நன்றாக வந்தது. அவர் படித்துவிட்டுத் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பினார். அக்கா குறுக்கே வந்து நின்றாள்.

"எழுதினதுக்கு?"

"இன்னாம்மா இது! நம்ம சனத்துக்கு எழுதறதுக்குக் கூலியா?"

"பேப்பருக்குக் காசு குடுத்தீங்க. மசிக்குக் குடுத்தீங்க. பேப்பரையும் மசியையும் ஊர் ஊரா வீசினா சனம் வந்துடுமா? சொல்லுடி, எவ்ளோ?"

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். தட்டு இல்லை, மஞ்சள் இல்லை. வாய்க்கு வந்ததைச் சொன்னேன். "இருபது ரூபா." சொன்ன உடனே கம்மியாகச் சொல்லிவிட்டேனோ என்று தோன்றியது. அடுத்த கணம் ஜாஸ்தியோ என்று தோன்றியது. அவர் முணுமுணுத்துக்கொண்டே கொடுத்தார். வாழ்த்தியதற்குத் துணி கிடைத்தது, கோபப்பட்டதற்குக் காசு கிடைத்தது. இது என்ன கணக்கு என்று அந்த நோட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அதன் பிறகு கல்வராயன் மலையிலிருந்து ஒருவர் இறங்கி வந்தார். மரவள்ளிக்கிழங்கு ஏற்றிய லாரி கச்சிராயபாளையத்துக்கு இந்தப் பக்கம் நின்றுவிட்டதாம். சின்னசேலம் தாண்டி ஜவ்வரிசி மில்லுக்குப் போகவேண்டிய கிழங்கு. பிடுங்கிய கிழங்கு காத்திருக்காது, உள்ளே நீலம் பாய்ந்து கெட்டுவிடும்.

"போராட்டக்காரங்களுக்கு ஒண்ணு எழுதிக் குடும்மா. எங்க வண்டிய மட்டும் வுடச் சொல்லி. நாங்க சொன்னா காதுல ஏறல. அச்சுல இருந்தா ஏறும்."

சக்கரம் உருளக் கூடாது என்று எழுதிய அதே பேனா. அதே அளவுத் தாள். இப்போது உருளவிடுங்கள் என்று எழுத வேண்டும். இதுவும் நன்றாக வந்தது. அது எனக்கே பிடிக்கவில்லை. இரண்டில் எது பொய் என்று தேடினேன், அகப்படவில்லை. கூலி கேட்டபோது, கிழங்கு கெட்டுக்கொண்டிருக்கும் மனுஷனிடம் இருபது என்று சொல்ல நாக்கு எழவில்லை. பத்து என்றேன். அவர் அதையும் எட்டாக்கப் பார்த்து, முடியாமல் கொடுத்துவிட்டுப் போனார்.

மறுநாள் காலையில் மாமா வந்து நின்றார். கையில் அந்தக் கிழங்கு நோட்டீஸ்.

"நல்லா எழுதிக்கிற. நானே ஒரு நிமிஷம் கலங்கிட்டேன். அது கெடக்கட்டும். அந்தாளுகிட்ட பத்துதான் வாங்கினியாமே?"

"ஆமா மாமா."

"அப்போ என்னோட பத்தக் குடு."

"இன்னாது?"

"சந்தையில ஒருத்தனுக்குக் கொறைச்சா எல்லாத்துக்கும் அதான் வெல. போராட்டத்துக்கு இருபது, கெழங்குக்குப் பத்தா?"

"அவங்களுக்குக் கஷ்டம் மாமா."

"நாங்க இன்னா சொகமா இருந்துக்கினா மரத்த வெட்டிப் போட்டோம்?"

ஒரே தாளுக்கு ஒரே கூலி என்பது நியாயமா, ஆளைப் பார்த்துக் கேட்பது நியாயமா? மூட்டை தூக்குகிறவர் ஆளைப் பார்த்தா கேட்கிறார்? ஆனால் வைத்தியர் பார்க்கிறாரே. அக்காவைப் பார்த்தேன். எழுத்துப் பெட்டியில் எதையோ மும்முரமாகத் தேடுகிறவள்போல் குனிந்துகொண்டாள். பத்தைத் திருப்பிக் கொடுத்தால் கையில் ஒன்றும் பெரிதாக மிஞ்சாது. தீபாவளியும் நெருங்கிவிட்டது. கடையும் பில் புத்தகமும் கண்ணில் வந்து நின்றன.

"அந்தப் பத்தத் தரேன்," என்றேன். "கெழங்கு லாரிய வுட்டுடுங்க."

மாமா என்னை ஒரு மாதிரி பார்த்தார். "அது வேற, இது வேற. போராட்டத்த வெல பேசறியா நீ?" கோபமாகப் போய்விட்டார். காசு கேட்கவும் மறந்துவிட்டார்.

அன்று சாயங்காலமே வழி திறந்தது. மேலிடத்திலிருந்து சொல்லியனுப்பினார்கள், மரங்களை இழுத்துப் போட்டார்கள், அவ்வளவுதான். என் எழுத்துக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. மலைக்காரர் நம்பவில்லை. அச்சகத்துக்கு வந்து இன்னொரு பத்து ரூபாயை மேசைமேல் வைத்தார்.

"வேல செஞ்சிடுச்சிம்மா ஒன் எழுத்து. பாதி கெழங்கு போச்சி, பாதி பொழச்சிது."

"அய்யா, என் எழுத்தால இல்ல. அவங்களே தொறந்தாங்க."

"சரி, அவங்களே தொறந்தாங்க. நீ எழுதின பொறவுதான தொறந்தாங்க?"

நான் காசை அவர் பக்கம் தள்ளினேன். அவர் என் பக்கம் தள்ளினார். பிறகு யோசித்துவிட்டு, "அப்போ இத அடுத்ததுக்கு அட்வான்ஸா வெச்சிக்க. ரோடு வேணும்னு கலெக்டருக்கு ஒரு மனு எழுதணும். பாக்கி கெடையாது, ஆமா. பத்துதான்" என்றார்.

மாமாவும் இரண்டு நாளில் வந்தார். ஒரு கூட்டத்துக்கு நோட்டீஸ். "போன தபா ஜாஸ்தி குடுத்துட்டேன். இதுல கழிச்சிக்க," என்று பத்தை வைத்தார். போன தடவையின் பத்தைக் கழித்து இந்தப் பத்து என்றால், அவர் கணக்கிலும் இதற்கு இருபதுதான் என் கூலி. ஆனால் கையில் இருந்தது பத்து. ஒரு வேலையும் செய்யாத எழுத்துக்கும் பத்து, இன்னும் எழுதாத எழுத்துக்கும் பத்து. இது விலையா, விபத்தா?

தீபாவளிக்கு முந்தின வாரம் ஜவுளிக்கடையிலிருந்து ஆள் வந்தது. நான் கடைக்குப் போனேன். கல்லாவில் இருந்த வீட்டுக்காரரின் அண்ணன் நிமிர்ந்தார்.

"இன்னா, வரியா?"

"இல்லீங்க. எழுத்து வேல இருக்குது. மனு ஒண்ணு, நோட்டீஸ் ஒண்ணு. காசுதான் குடுக்கறாங்க."

"அட! ஒண்ணுக்கு எவ்ளோ வாங்கற?"

வாயைத் திறந்தேன். இருபது வந்தது, பத்து வந்தது, இரண்டும் தொண்டையிலேயே நின்றன. கடை நிறைய ஆட்கள் துணி விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் கேட்டதற்கெல்லாம் பையன்கள் தயங்காமல் விலை சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

"அது... ஆளப் பொறுத்துங்க," என்று சொல்லிவிட்டு, மனுவை எழுத வேகமாக வெளியே வந்துவிட்டேன்.